சதுரங்கப் பலகை எண்: கடைசியில் ஏன் சைபர் வருகிறது?

நெல்மணி (சனி, இரவு 8.40)

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குச் சதுரங்கப் பலகைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு, இப்படி 64 கட்டமும் இரட்டித்துக்கொண்டே போனால் ராஜாவின் களஞ்சியம் காலி. "மொத்தம் எவ்வளவும்மா?" என்று கேட்டாள். எக்செலைத் திறந்து கட்டம் கட்டமாக இரட்டித்துக் கூட்டிக் காட்டினேன். 18446744073709600000 என்று வந்தது.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது தப்பு" என்கிறாள். முதல் கட்டத்தில் இருப்பது ஒன்று. மற்ற 63 கட்டத்திலும் இரட்டைப்படை. எல்லாவற்றையும் கூட்டினால் ஒற்றைப்படைதானே வரவேண்டும், எப்படி சைபரில் முடியும் என்கிறாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் சொல்வது சரியென்றுதான் படுகிறது. யாராவது சரியான எண்ணைச் சொல்லுங்கள். அது பகா எண்ணா என்றும் கேட்டிருக்கிறாள்.

நைட்ஷிப்ட் (சனி, இரவு 8.58)

உங்கள் மகள் சொன்னதுதான் சரி அக்கா. சரியான எண் 18446744073709551615.

எக்செல் 15 இலக்கம் வரைக்கும்தான் காட்டும். 16-வது இலக்கத்திலிருந்து எல்லாம் சைபர். அதே எண்ணை நீங்கள் கையால் தட்டிப் பாருங்கள், 18446744073709500000 என்று ஆகிவிடும். கணக்குப் போட்டால் மேலே தள்ளி முழுதாக்கும், தட்டினால் அப்படியே வெட்டும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டில் போட்டால் 18446744073709552000 என்று மூன்றாவது ஒரு பதில் வரும். பைத்தானில் மட்டும் உள்ளது உள்ளபடி வரும்.

காரணம், தசம எண்ணுக்கென்று ஒதுக்கிய 64 பிட்டில் (பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் ஓர் இடம்) இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட்தான். 9007199254740992 வரைக்கும் எல்லா முழு எண்ணும் தப்பாமல் இருக்கும். அதைத் தாண்டினால் இடையிடையே ஓட்டை. நீங்கள் கேட்ட எண் இருக்கும் இடத்தில் 2048-க்கு ஒரு எண்தான் மிஞ்சும்.

இந்த எண்ணை எனக்கு மனப்பாடமாகத் தெரியும், அது வேறு கதை. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் அதிகாலை 3 மணிக்கு அலாரம். லாக்கைப் பார்த்தால் "மீதமுள்ள கோப்புகள்: 18446744073709551615". உலகத்துக் கோப்பெல்லாம் நம் சர்வரிலா வந்துவிட்டது என்று தூக்கம் போயிற்று. பார்த்தால் யாரோ சைபரிலிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறார்கள். குறி இல்லாத 64 பிட் எண்ணில் −1 என்பதற்கு இடமே கிடையாது. சைக்கிள் மீட்டர் பின்னால் சுற்றுவது மாதிரி ஒரு சுற்று சுற்றி உச்சியில் போய் நின்றுவிடும். அந்த உச்சிதான் இந்த எண். 64 பிட்டும் 1. "யாரோ" யார் என்று கேட்காதீர்கள்.

வெட்டிப்பேச்சு (சனி, இரவு 9.10)

இதற்கு ஏன் இவ்வளவு கலாட்டா? 18446744073709556115, கடைசியில் 5. ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87, மூன்றாலும் வகுபடும். பகு எண். இழையைப் பூட்டலாம்.

சாக்பீஸ் (சனி, இரவு 9.31)

பூட்டுவதற்கு முன் நீங்கள் எழுதிய எண்ணை ஒருமுறை பாருங்கள் தம்பி. கடைசி ஆறு இலக்கம் 551615. நீங்கள் 556115 என்று போட்டிருக்கிறீர்கள். ஒன்றும் ஆறும் இடம் மாறிவிட்டன.

இலக்கத்தைக் கூட்டிச் சரிபார்த்தேன் என்பது போதாது. இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதே! பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால் பிடித்துக் கொடுப்பது 11-ன் சோதனை. வலது கோடியிலிருந்து ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே வாருங்கள். சரியான எண்ணுக்கு 37 வரும், 11-ஆல் வகுத்தால் மீதி 4. உங்கள் எண்ணுக்கு 27 வரும், மீதி 5.

எது சரி என்று எண்ணையே பார்க்காமலும் சொல்லலாம். மொத்தம் என்பது 2-ஐ 64 முறை பெருக்கி ஒன்று கழித்தது. 2-ஐ 10 முறை பெருக்கினால் 1024, 11-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 60 முறை பெருக்கினாலும் மீதி 1. மிச்சம் நான்கு முறை: 16, மீதி 5. அதில் ஒன்று கழித்தால் 4. முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்தினவன், கண் தானாகப் போகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நெல்மணி அம்மா, குழந்தைக்குக் கையால் போட்டே காட்டலாம், கணினி வேண்டாம். 64 முறை இரட்டிக்கவும் வேண்டாம். 2-ன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, அப்புறம் 256, 65536, 4294967296. இன்னும் ஒரே ஒரு வர்க்கம். அந்தப் பத்து இலக்கத்தை 42949, 67296 என்று இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்.

42949-ன் வர்க்கம் 1844616601. பின்னால் பத்து சைபர்.
இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. பின்னால் ஐந்து சைபர்.
67296-ன் வர்க்கம் 4528751616.

மூன்றையும் கூட்டினால் 18446744073709551616. கதையில் வரும் மொத்தம் இதில் ஒன்று குறைவு. ஒரு பக்கத் தாளில் முடிந்தது.

வெட்டிப்பேச்சு (சனி, இரவு 9.36)

ஐயா, மன்னிக்கவும். போனில் கட்டை விரலால் தட்டியது. ஆனால் பகு எண் என்பது சரிதானே?

சாக்பீஸ் (சனி, இரவு 9.40)

சரிதான். ஆனால் அதோடு நிறுத்தினால் மாம்பழத்தைத் தோலோடு தூக்கிப் போட்ட மாதிரி.

மண்டிக்காரன் (சனி, இரவு 10.15)

நான் கணக்கு ஆள் இல்லை, அரிசி ஆள். ஆனால் இந்தக் கதையில் எடை யாரும் சரியாகச் சொல்வதில்லை. இன்று கடை அடைத்துவிட்டு இட்லி அரிசி ஆயிரம் மணி எண்ணி, சின்னத் தராசில் வைத்தேன். 18 கிராம். (எண்ணுவதைப் பார்த்து கடைப்பையன் என் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டான்.)

அதை வைத்துப் பார்த்தால் 21-ஆம் கட்டத்தில் வைக்கவேண்டியது ஏறக்குறைய 19 கிலோ. அதாவது பலகையில் இரண்டு வரிசை முடிந்து மூன்றாவதில் பாதி தாண்டியும் அந்த ஒரு கட்டத்துக்கு ஒரு சிப்பம் கூட ஆகவில்லை. 32 கட்டம், சரியாகப் பாதிப் பலகை, கூட்டிப் பார்த்தால் 4294967295 மணி, 77 டன் சொச்சம். 25 கிலோ சிப்பம் மூவாயிரத்துச் சில்லறை. சின்ன மண்டி நானே ஒரு வாரம் டைம் கொடுத்தால் இறக்கிவிடுவேன். ராஜாவுக்கு என்ன கேடு?

வினையெல்லாம் மறுபாதியில்தான். மொத்தம் 33,200 கோடி டன். உலகம் பூரா ஒரு வருஷத்தில் விளையும் அரிசி சுமார் 50 கோடி டன் என்கிறார்கள். 660 வருஷ விளைச்சல்.

ஒரு சந்தேகம். 33-ஆம் கட்டத்தில் இருப்பது முதல் கட்டத்தைப் போல எத்தனை மடங்கோ, 34-ல் இருப்பது இரண்டாம் கட்டத்தைப் போல அதே மடங்குதானே? அப்படியென்றால் மறுபாதி முழுசும் முதல் பாதியின் ஒரே மடங்கு என்று ஆகிறதே?

சாக்பீஸ் (சனி, இரவு 10.22)

யோவ், கணக்கு ஆள் இல்லை என்று யார் சொன்னது! இதைத்தான் நான் நாளைக்கு எழுதலாம் என்றிருந்தேன். நீங்கள் மூட்டையிலிருந்தே எடுத்துவிட்டீர்கள்.

பலகையை ஒரு நீளக் காகிதப் பட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள், 64 கட்டம் வரிசையாக. நடுவில் மடியுங்கள். 33-ஆம் கட்டம் 1-ன் மேல் வரும், 34 இரண்டின் மேல், கடைசிக் கட்டம் 32-ன் மேல் வரவேண்டும். (சும்மா மடித்தால் தலைகீழாக விழும். நடுவில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, விடமாட்டேன்.) மேலே இருப்பது கீழே இருப்பதைப் போல 4294967296 மடங்கு. ஆகவே மொத்தம் = முதல் பாதி × 4294967297.

இப்போது கையில் இருப்பது 32 கட்டம். அதையும் அடுக்குங்கள். 17-ஆம் கட்டம் ஒன்றின் மேல், 65536 மடங்கு. மொத்தம் = 16 கட்டம் × 65537. இப்படியே:

64-ஐ 32 ஆக்கினால் 4294967297
32-ஐ 16 ஆக்கினால் 65537
16-ஐ 8 ஆக்கினால் 257
8-ஐ 4 ஆக்கினால் 17
4-ஐ 2 ஆக்கினால் 5
2-ஐ 1 ஆக்கினால் 3

மிச்சம் ஒரே கட்டம், ஒரே மணி. ஆக 18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. இருபது இலக்க எண்ணை ஒரு வகுத்தல் கூடப் போடாமல் ஆறாகப் பிரித்துவிட்டோம். பாடப்புத்தகத்தில் இதற்கு வர்க்க வித்தியாசம் என்று பெயர், அ² − 1 = (அ − 1)(அ + 1). அதைச் சொல்லிக் கொடுத்தபோது ஒரு பையனும் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. மண்டிக்காரர் சொன்ன மாதிரி நானும் சொல்லியிருக்கலாம்.

நெல்மணி (ஞாயிறு, காலை 7.05)

காலையில் எழுந்ததும் மகள் கிராஃப் தாளில் பட்டை வெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். 16 கட்டத்தில் ஆரம்பித்து நான்கு முறை அடுக்கி 3 × 5 × 17 × 257 = 65535 என்று சரிபார்த்தாயிற்று. அடுத்த கேள்வி: அந்த ஆறு எண்களும் பகா எண்களா?

கோலப்புள்ளி (ஞாயிறு, காலை 8.20)

வணக்கம், எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். இதே கேள்விதான் 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற கணித மேதைக்கும் வந்தது. 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அதனால் ஆறாவதும், அதற்குப் பின் வரும் எல்லாமும் பகா எண்களாகத்தான் இருக்கும் என்று நம்பினார். அதனால் இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்றே பெயர்.

நம்பிக்கை ஆறாவதிலேயே உடைந்தது. 1732-ல் ஆய்லர், அப்போது 25 வயது, 4294967297 = 641 × 6700417 என்று காட்டினார்.

வெட்டிப்பேச்சு (ஞாயிறு, காலை 8.31)

641 வரைக்கும் உள்ள பகா எண் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தாரா? நூற்றுச் சொச்சம் இருக்குமே.

கோலப்புள்ளி (ஞாயிறு, காலை 8.44)

அங்கேதான் ஆய்லர் ஆய்லராகிறார். இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தான் வரமுடியும் என்று நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் எவை? 193, 257, 449, 577, 641. ஐந்தாவது அடியில் தேங்காய் உடைந்தது.

பிற்பாடு லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அந்த 64-ஐ 128 ஆக்கலாம் என்று காட்டினார். அப்போது வரிசையில் 641-க்கு முன் இருப்பது 257 மட்டும்தான். அது தானே ஒரு ஃபெர்மா எண், இன்னொரு ஃபெர்மா எண்ணை வகுக்காது. ஆக முதல் முயற்சியிலேயே 641.

641 வகுக்கும் என்பதை வகுக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 641 = 5 × 128 + 1. அதே 641 = 625 + 16, அதாவது 5-ன் நான்காம் அடுக்கும் 2-ன் நான்காம் அடுக்கும் சேர்ந்தது. முதலாவது சொல்வது: 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாவது சொல்வது: 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³² = 1. அதாவது 2³² + 1 போட்டால் மீதி சைபர். முடிந்தது. 641 இரண்டு வேஷத்திலும் வந்து நின்றதால் நடந்த வேலை.

சாக்பீஸ் (ஞாயிறு, காலை 9.02)

பிரமாதம் அம்மா. 6700417 பகா எண்தானா என்று கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். 128-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிற பகா எண்களை அதுவரைக்கும் பார்த்தால் போதும். 257-ஐ விட்டுவிட்டால் நான்கே நான்கு: 641, 769, 1153, 1409. வகுத்துப் பார்த்தேன், மீதி முறையே 44, 120, 334, 622. எதுவும் போகவில்லை. பகா எண்.

ஆகக் குழந்தைக்கு முழு விடை: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், ஒன்றும் இரண்டு முறை வரவில்லை. ஆகவே இந்த எண்ணுக்கு மொத்தம் 128 வகுத்திகள். 2-ன் ஏழாம் அடுக்கு. இரண்டிலேயே பிறந்தது, இரண்டிலேயே எண்ணிக்கை.

நைட்ஷிப்ட் (ஞாயிறு, காலை 9.30)

ஏழும் வேறு வேறாக இருப்பது தற்செயலா?

கோலப்புள்ளி (ஞாயிறு, காலை 9.47)

இல்லை. அடுக்கிய வரிசையைக் கீழிருந்து பெருக்கிப் பாருங்கள். 3 × 5 = 15, அடுத்த ஃபெர்மா எண் 17-க்கு இரண்டு குறைவு. 15 × 17 = 255, அடுத்தது 257, இரண்டு குறைவு. எப்போதும் அப்படித்தான். ஒரு பகா எண் முந்தியவற்றில் ஒன்றையும் அடுத்ததையும் சேர்ந்தே வகுத்தால் அந்த இரண்டையும் வகுக்கவேண்டும், ஒற்றைப்படை எண்ணில் அது நடக்காது. ஆகவே ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் புதுப் பகா எண்ணைக் கொண்டுவந்தே தீரும். பகா எண்களுக்கு முடிவில்லை என்பதற்கு இதுவே ஒரு நிரூபணம். கோல்ட்பாக் 1730-ல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

ஏழும் வேறு வேறு என்பதில் மிச்சமிருந்தது, 4294967297 உடைந்த இரண்டு துண்டும் சமமாக இருக்கக்கூடாது என்பது மட்டும்தான். அதற்கு 641-ம் 6700417-ம் கண்ணுக்கெதிரே இருக்கின்றன.

என் பெயருக்கு ஏற்ற விஷயம் ஒன்று. பாஸ்கல் முக்கோணத்தை எழுதுங்கள்: இரண்டு ஓரத்திலும் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலே இருக்கும் இரண்டின் கூட்டல் (பிங்கலர் வழியில் வந்தவர்கள் மேரு பிரஸ்தாரம் என்றார்கள்). ஒற்றைப்படை இருக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள், இரட்டைப்படை இருந்தால் வெறுமையாக விடுங்கள். முக்கோணத்துக்குள் முக்கோணமாக ஒரு கோலம் வரும். இப்போது ஒவ்வொரு வரியையும் புள்ளிக்கு 1, வெறுமைக்கு 0 என்று இரும எண்ணாகப் படியுங்கள். முதல் வரி 1. அடுத்து 11, அதாவது 3. அடுத்து 101, அதாவது 5. அப்புறம் 1111 = 15. அப்புறம் 10001 = 17. 51, 85, 255, 257 என்று போகும். 64-ஆம் வரி இடைவெளியே இல்லாமல் 64 புள்ளி. அது நம் எண். நைட்ஷிப்ட் அண்ணன் அதிகாலை மூன்று மணிக்குப் பார்த்த 64 ஒன்றுகளும் அதுவேதான்.

மண்டிக்காரன் (ஞாயிறு, காலை 10.10)

பாதிப் பலகை, என்னால் இறக்க முடிகிற 77 டன். அதற்கு என்று தனியாக ஏதாவது உண்டா?

கோலப்புள்ளி (ஞாயிறு, காலை 10.26)

உண்டு, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 1796-ல் காஸ், 19 வயது நிரம்பாதவர், கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்து ஒழுங்கான பதினேழுகோணம் வரையலாம் என்று கண்டுபிடித்தார். எத்தனை பக்கமுள்ளதை வரைய முடியும்? ஒற்றைப்படையில், வேறு வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் முடியும், இல்லாவிட்டால் முடியாது. முடியாது என்கிற பாதியை 1837-ல் வான்ட்செல் நிரூபித்தார்.

தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். ஐந்தையும் பெருக்கினால் 4294967295. உங்கள் பாதிப் பலகை. அதன் 32 வகுத்திகளில் ஒன்றை விட்டால் 31. வரையத்தக்கவை என்று இன்றுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்கள் அந்த 31-தான். மிகப் பெரியதற்கு நீங்கள் இறக்குகிற அரிசி மணி அத்தனையும் பக்கங்கள்.

வரையலாம் என்றால் உட்கார்ந்து வரைந்துவிடுவார்களா என்று கேட்கக்கூடாது. 257 பக்கத்துக்கான வழியை 1832-ல் ரிஷெலோ எழுதினார். 65537 பக்கத்துக்கு ஹெர்மஸ் என்பவர் பத்து வருஷம் உழைத்து 1894-ல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி ஒரு பெட்டி நிறைய, கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

வெட்டிப்பேச்சு (ஞாயிறு, காலை 10.33)

பத்து வருஷத்தில் முடித்துவிட்டார், என் பி.எச்டி. நண்பன் பரவாயில்லை என்று நினைத்தேன், வாபஸ்.

இந்தக் கதை நம்ம ஊர்க் கதைதானே? மன்னார்குடிப் பக்கம் திருப்பூவனூரில் சிவன் சதுரங்கம் ஆடி ஜெயித்து அரிசி கேட்டாராமே?

சாக்பீஸ் (ஞாயிறு, காலை 11.00)

இரண்டு கோயிலைக் குழப்பிவிட்டீர்கள். திருப்பூவனூரில் சாமி பெயர் சதுரங்க வல்லபநாதர். அங்கே பந்தயம் இளவரசி ராஜராஜேஸ்வரியின் கை, அரிசி இல்லை. அரிசிக் கணக்கு வருவது கேரளத்து அம்பலப்புழையில். கிருஷ்ணன் முனிவர் வேஷத்தில் வந்து ராஜாவோடு ஆடினானாம், ராஜா தோற்று, கடனைத் தினமும் பால் பாயசமாகக் கட்டிவருகிறார்கள் என்பது அங்கே சொல்லும் கதை. தவணை எப்போது முடியும் என்று மண்டிக்காரர் சொல்லிவிட்டார்.

எழுத்தில் பார்த்தால், கி.பி. 1000-ஐ ஒட்டி அல்பிரூனி இந்த இருபது இலக்கத்தையும் பிசகில்லாமல் கணக்கிட்டுவிட்டார். 1256-ல் இப்னு கல்லிகான் கதையாகவே எழுதிவைத்தார். அதில் சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் இந்திய ராஜாவிடம் கேட்கிறான்.

நைட்ஷிப்ட் (ஞாயிறு, காலை 11.12)

ஹனோய் கோபுரமும் இதே எண்தான். லூக்கா 1883-ல் விற்பனைக்கு விட்ட விளையாட்டு. மூன்று குச்சி, ஒன்றில் அடுக்கிய தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொன்றுக்கு மாற்றவேண்டும், சின்னதன் மேல் பெரியது உட்காரக்கூடாது. 64 தட்டு இருந்தால் குறைந்தது 18446744073709551615 நகர்த்தல். நொடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,450 கோடி ஆண்டு. பிரபஞ்சத்துக்கு வயது 1,380 கோடி.

நெல்மணி (ஞாயிறு, மாலை 5.40)

மதியம் முழுக்கப் பட்டையோடுதான் போயிற்று. அவள் இப்போது வேறு இடத்தில் நிற்கிறாள். "64 கட்டம் இருப்பதால்தானே பாதி பாதியாக அடுக்க முடிகிறது? ஓரத்தில் எலி கடித்து ஒரு கட்டம் போய்விட்டால்?" 63 என்றால் மூன்று சம பங்காக அடுக்கலாம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். 62 மறுபடி பாதி. 61-ல் மாட்டிக்கொண்டாள், எந்தப் பக்கமும் சமமாக அடுக்க வரவில்லை. அப்போது என்ன ஆகும்?

சாக்பீஸ் (ஞாயிறு, மாலை 6.15)

அந்தக் குழந்தையின் வாத்தியார் யார் என்று தெரிந்தால் கும்பிடு போடுவேன்.

அம்மா, மூன்று கட்டத்தை எலி கடித்தால் மிச்சம் இருப்பது 2305843009213693951. அது பகா எண். இவான் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் 1883-ல் கையால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரே எலி, மூன்று கட்டம். 128 வகுத்திகள் இருந்த இடத்தில் இரண்டே வகுத்திகள்.

வெட்டிப்பேச்சு (ஞாயிறு, மாலை 6.22)

அப்படியானால் கட்டங்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மொத்தமும் பகா எண். இந்த முறை சரியாகச் சொல்லிவிட்டேன்.

கோலப்புள்ளி (ஞாயிறு, மாலை 6.40)

இல்லை அண்ணா! அடுக்க முடிந்தால் பகு எண் என்பது நிச்சயம். அடுக்க முடியாவிட்டால் பகா எண் என்பது நிச்சயமில்லை. மெர்சென் 1644-லேயே எந்தெந்தக் கட்ட எண்ணிக்கைக்குப் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் 67-ஐச் சேர்த்தார், 61-ஐ விட்டுவிட்டார். இரண்டும் தப்பு. 67 கட்டத்தின் மொத்தம் பகு எண் என்று 1876-ல் லூக்கா காட்டினார், ஆனால் காரணிகள் கிடைக்கவில்லை. 1903-ல் கோல் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார்: 193707721 × 761838257287. கூட்டத்தில் பேசவே பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார் என்று சொல்வார்கள்.

சின்னதாக ஒன்று வேண்டுமென்றால் 67 வரை போகவேண்டாம். பாப்பாவை 2-லிருந்து ஒவ்வொரு பகா எண்ணாக, அத்தனை கட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடையை நான் சொல்லமாட்டேன்.

மண்டிக்காரன் (ஞாயிறு, இரவு 7.50)

நானும் உட்கார்ந்தேன். 3, 7, 31, 127 நாலும் பகா எண். அடுத்தது 11 கட்டம், 2047. 7, 11, 13, 17, 19 எதாலும் போகவில்லை. பகா எண் என்று எழுதப் போகிறேன்.

நெல்மணி (ஞாயிறு, இரவு 7.58)

அவசரப்படாதீர்கள் அண்ணே. பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள். 23 × 89.